வெறும் சிரட்டைக்கு வந்த பூனை

சிக்கல் கிராமத்தில் ஜெயசுதாவுக்கு ஒன்றரை ஏக்கர் குண்டு மிளகாய். பங்குனி முழுக்கப் பழத்தைக் களத்தில் காயப்போட்டு, நாளுக்கு நான்கு தடவை கையால் கிளறிவிடுவாள். களத்தோரத்துக் கருவேல விறகு அடுக்கில் ஒரு சாம்பல் பூனை மூன்று வருடமாகக் குடியிருந்தது. ஆள் நிழல் பட்டாலே ஓடிவிடும். அதைத் தொட்டவர் ஊரில் ஒருவரும் கிடையாது.

ஒரு திங்கட்கிழமை அது வலது பின்காலைத் தூக்கிக்கொண்டு நொண்டியது. தொடை எலுமிச்சம்பழம் அளவுக்கு வீங்கியிருந்தது. ஜெயசுதா மிளகாய் கிளறிய கையைத் தண்ணீரில் அலசிவிட்டு மீனைப் பிய்த்து வைத்தாள். பூனை முகர்ந்தது, தும்மியது, ஓடியது. இரண்டு நாள் கண்ணில் படவில்லை. விரலில் ஏறிய காரம் வெறும் தண்ணீருக்குப் போகாது என்று தெரியாதவள் இல்லை. மிளகாயிலேயே கிடந்த அவள் மூக்குக்கு அது உறைக்கவில்லை. அதன்பிறகு மீனை இடுக்கியால்தான் எடுத்துத் தேங்காய்ச் சிரட்டையில் வைத்தாள்.

பூனை திரும்பி வந்ததும் செல்போனில் வீடியோ எடுத்துக் கால்நடை டாக்டர் மதுமதியிடம் காட்டினாள். வேறு பூனை கடித்துச் சீழ் கட்டியிருக்கிறது, கீறி எடுக்காவிட்டால் காலோ உயிரோ போகும் என்றார் அவர். கீறுவதற்கு மயக்க ஊசி வேண்டும். ஊசிக்கு வயிறு காலியாக இருக்க வேண்டும். அதுவரை மீனில் கலக்க மாத்திரை கொடுத்தார்.

அண்ணன் காளிராஜ் விட்டுவிடச் சொன்னான். பிடித்தால் பயத்திலேயே செத்துவிடும் என்றான். அதிலும் நியாயம் இருந்தது. ஜெயசுதா ஒரு பகல் முழுக்க யோசித்தாள்.

“விட்டா நம்ம கண்ணு முன்னால அழுகிச் சாகும்ணே. பிடிச்சா பிழைக்க ஒரு வழியாவது இருக்கு.”

தீனி காட்டாமல் பூனை அகப்படாது. தின்றால் ஊசி போட முடியாது. இந்த முடிச்சை அவளே அவிழ்த்தாள். கோழி கவிழ்க்கும் பஞ்சாரக் கூடையைக் குச்சியில் முட்டுக்கொடுத்து, தினமும் காலை ஏழு மணிக்கு, அந்த ஒரு வேளை மட்டும், அதனடியில் சிரட்டையை வைத்தாள். மூன்று நாள் கூடை விளிம்பில் நின்றே எட்டித் தின்ற பூனை, நான்காம் நாள் உள்ளே போனது. ஐந்தாம் நாள் சிரட்டையில் கருவாட்டைத் தேய்த்துவிட்டு, கருவாட்டை எடுத்துவிட்டாள். பூனை வெறும் சிரட்டையை நக்கிக்கொண்டிருக்கும்போது குச்சியில் கட்டிய கயிற்றை இழுத்தாள். காளிராஜ் அடியில் தகரத்தைச் செருகிக் கட்டினான். சாக்கைப் போர்த்தி ஆட்டோவில் ஏற்றினார்கள்.

கடைசியாக எப்போது சாப்பிட்டது என்று டாக்டர் கேட்டார்.

“நேத்துக் காலைல ஏழு மணிக்கு. இன்னைக்கு வாசம் மட்டுந்தான் காட்டுனேன். நொண்டுற காலுக்கு எலியும் அகப்படாது.”

டாக்டர் சிரித்துக்கொண்டே ஊசியை எடுத்தார். சீழ் ஒரு கிண்ணம் வந்தது. எலும்புக்கு ஒன்றும் இல்லை.

மயக்கம் தெளிந்ததும் ஐந்து நாள் கூண்டில் வைக்கச் சொன்னார். அங்கேயும் ஜெயசுதா யோசித்துத்தான் பேசினாள். கூண்டுக்குள் இது தண்ணீர்கூடக் குடிக்காது, விறகுக்குள் விட்டால் என் சிரட்டைக்குத் தவறாமல் வந்து மருந்தைத் தின்னும் என்றாள். சாயங்காலம்வரை அது தண்ணீரைத் தொடாததைப் பார்த்துவிட்டு டாக்டர் ஒத்துக்கொண்டார். பூனை ஒரு வேளையும் தவறவில்லை.

விட்ட பன்னிரண்டாம் நாள் ஜெயசுதா கிட்டே போனாள். பூனை ஒரே பாய்ச்சலில் ஆள் உயர விறகு அடுக்கின் உச்சிக்கு ஏறி, அந்தப் பக்கம் குதித்து ஓடியே போனது.

இம்புட்டுச் செய்தும் உன்னைக் கண்டு ஓடுது பாரு என்றான் காளிராஜ்.

“ஓடட்டும்ணே. எந்தக் கால ஊனிப் பாஞ்சுச்சு, பாத்தீகளா?”