புலியைப் பார்த்ததும் சாவியைக் கொடுப்பதாகச் சொன்ன சுருளி அண்ணே

சுருளி அண்ணே போய்விட்டார்.

எங்கள் டூர் ஜீப்பின் டிரைவர். நேற்று சாயங்காலம் வண்டியைக் கழுவி நிறுத்திவிட்டு, "காலைல வெரசா வந்துர்றேன் ஆத்தா" என்று சொல்லிவிட்டு சிலமலையில் தன் வீட்டுக்குப் போனவர்... தூக்கத்திலேயே போய்விட்டாராம். அவர் சம்சாரம், எங்கள் மதினிதான் போன் செய்தார்.

எல்லாம் முடிந்து இப்போதுதான் போடிக்கு வந்து உட்கார்ந்தேன். அழுகையும் வருகிறது, சிரிப்பும் வருகிறது. திட்டாதீர்கள், காரணம் இருக்கிறது.

தெரியாதவர்களுக்காக... நான் கைடு. போடியில் கெஸ்டுகளை ஏற்றிக்கொண்டு போடிமெட்டு வழியாக மலைக்குப் போவோம். ஏலக்காய் எஸ்டேட்டில் ஒரு ராத்திரி தங்கல், மறுநாள் தேக்கடிப் பக்கம் டைகர் சஃபாரி. காடும் கலாச்சாரமும் என்று போர்டில் பெரிதாகப் போட்டுவிட்டோம். காடு சரி... கலாச்சாரத்துக்கு எதைக் காட்டுவது என்று ஆரம்பத்தில் எங்களுக்கே தெரியாது.

அதைத் தீர்த்துவைத்தவர் சுருளி அண்ணே. அதுவும் தெரியாமல்.

எங்களிடம் வருவதற்கு முன்னால் அவர் காலமெல்லாம் எஸ்டேட்டுக்கு ஆள் ஏற்றும் ஜீப் ஓட்டியவர். சீட்டு காலியாக இருந்தால் அவருக்கு வண்டியே ஓடாது. முதல் ட்ரிப். முழு ஜீப்பையும் புக் செய்த பெங்களூர் தம்பதி பின்னால் உட்கார்ந்திருக்கிறார்கள். மலையடிவாரத்தில் முந்தலில் வண்டியை நிறுத்தினார். எஸ்டேட்டுக்கு ஏலக்காய் எடுக்கப் போகிற அக்காமார் தூக்குச்சட்டிகளோடு கடகடவென்று ஏறிவிட்டார்கள்!

எனக்கு உயிரே போய்விட்டது. "என்னண்ணே இது?"

"சீட்டு சும்மாதான ஆத்தா கெடக்கு..."

பெங்களூர் அம்மா மடியில் யாருடைய தூக்குச்சட்டியோ. பாதி மலையில் அந்தம்மாவுக்குக் குமட்டிக்கொண்டு வந்தது. பக்கத்தில் இருந்த போதுமணி அக்கா முந்தானை முடிச்சை அவிழ்த்து, ரெண்டு ஏலக்காய் எடுத்து வாயில் போட்டுவிட்டார். மெட்டு ஏறுவதற்குள் இருவரும் பிள்ளைகுட்டிக் கதையெல்லாம் பேசி முடித்துவிட்டார்கள். அந்தம்மாவுக்குத் தமிழ் தெரியாது, அக்காவுக்கு வேறெதுவும் தெரியாது.

ஊருக்குப் போய் அந்தம்மா எழுதிய ரிவ்யூவில் எஸ்டேட் இல்லை, சஃபாரி இல்லை, நானும் இல்லை. அந்த ஜீப்பும் அக்காமாரும்தான். அன்றிலிருந்து கெஸ்டுகளிடம் சொல்லிவிட்டே அவர்களை ஏற்றிக்கொள்கிறோம். எங்கள் கலாச்சாரம் அதுதான்.

அப்புறம் இந்தப் புலி விஷயம்.

ஏறுகிற எல்லோரும் கேட்பார்கள், நீங்க புலியப் பாத்திருக்கீங்களா என்று. அண்ணே முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு, "இன்னும் குடுத்து வைக்கல சார்" என்பார். சஃபாரிக்கு வந்தவர்களிடம் சொல்கிற பதிலா அது?

"பாத்தேன்னு ஒரு வார்த்த சொன்னா என்னண்ணே?"

"பொய் சொல்லிட்டு மெட்டு ஏற முடியுமா ஆத்தா?"

பாவம், அவர் எங்கே பார்ப்பது? எங்கள் ஜீப் காட்டு கேட்டோடு நின்றுவிடும். கெஸ்டுகளும் நானும் சஃபாரி வண்டியில் உள்ளே போவோம். அண்ணே மரத்தடியில் துண்டை விரித்துவிடுவார்.

முழங்கால் வலி அதிகமானதும் திருப்பூரில் இருக்கும் மகன் வேலையை விடச் சொன்னார். எங்கள் ஓனரும் பக்குவமாகச் சொல்லிப் பார்த்தார். அண்ணே பதில் தயாராக வைத்திருந்தார். "ஒரே ஒரு தடவ புலியப் பாத்துக்கிறேன். அன்னைக்கே சாவியக் குடுத்துர்றேன்."

எனக்கு மனசு கேட்காது. சஃபாரி வண்டியில் ஒரு சீட்டு காலி என்றால் அவரைப் பிடித்து ஏற்றிவிடுவேன். மலை அணிலைப் பார்த்தேன், காட்டுமாட்டைப் பார்த்தேன் என்று இறங்கி வருவார். போன வருஷம் மெட்டுக் கோயிலில் நேர்ந்துகொண்டேன்... அண்ணன் கண்ணுக்குப் புலி தெரிந்தால் பொங்கல் வைக்கிறேன் என்று. பக்கத்தில் அவரும் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டு நின்றார்.

இன்றைக்கு அந்த அக்காமார் யாரும் வேலைக்குப் போகவில்லை. எல்லோரும் சிலமலையில் இருந்தார்கள். போதுமணி அக்கா தலைமாட்டில் உட்கார்ந்து அழுதார்.

"புலியவே நேருக்கு நேரா பாத்து அசராம நின்னீகளேண்ணே... இப்பிடிப் படுத்துட்டீகளே..."

எனக்கு அழுகை நின்றுவிட்டது. "அக்கா... எந்தப் புலி?"

அக்கா சட்டென்று வாயைப் பொத்திக்கொண்டார். மற்றவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அப்புறம் மெதுவாக விஷயம் வெளியே வந்தது.

நான் நேர்ந்துகொண்டதற்கும் முந்தின வருஷ மழைக்காலம். கெஸ்டுகளோடு என்னைக் கூட்டிவர அவர் எஸ்டேட்டுக்கு வந்துகொண்டிருந்தார், ஜீப் நிறைய இந்த அக்காமார். மெட்டைத் தாண்டி ஒரு வளைவில், மூடுபனிக்குள் புலி ரோட்டைக் கடந்திருக்கிறது. அவசரமே இல்லாமல். நின்று ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏலத்தோட்டத்துக்குள் இறங்கிவிட்டதாம்.

அண்ணே இன்ஜினை அணைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தாராம். அப்புறம் பின்னால் திரும்பி ஒரே பேச்சு. "ஒருத்தியும் வாயத் தொறக்கக் கூடாது. சாவிய வாங்கிப்புடுவாய்ங்க."

ஒரு ஜீப் பெண்கள்... ஒருத்தர்கூட மூச்சு விடவில்லை!

"மதினி, உங்களுக்கும் தெரியுமா?"

"அன்னைக்கே தெரியும் ஆத்தா. வந்ததும் வராததுமா எங்கிட்டதான சொன்னாரு. வண்டி ஓட்டுறப்பதான் அந்த மனுசன் சந்தோசமா இருந்தாரு... நான் ஏன் சொல்றேன்?" என்றவர், அந்த அழுகையிலும் சிரித்துவிட்டார். நாங்கள் எல்லோருமே சிரித்துவிட்டோம்.

கிளம்பும்போது மகன் ஜீப் சாவியைக் கொண்டுவந்து நீட்டினார். வாங்கி மதினி கையில் வைத்துவிட்டு வந்துவிட்டேன். ஆபீசில் இன்னொன்று இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை மெட்டுக் கோயிலில் பொங்கல். வர்றவங்க வாங்க... முந்தலில் அக்காமாரையும் ஏற்றிக்கொள்வோம்.

போயிட்டு வாங்கண்ணே. சாவிய யாரும் கேக்கல.