ராத்து எமோசியின் காலிப் பெட்டி

தலைவர் குலத்தில் பிறந்ததால் ராத்து என்று பட்டம் பெற்ற எமோசி வகலாலா மூன்று ஆட்சிகளில் மந்திரியாக இருந்தவர். மீன்வளம், சாலை, மறுபடியும் மீன்வளம். மூன்றையும் ராணுவம் கலைத்தது. அவர்மேல் மீன்களுக்குப் புகார் எதுவும் இல்லை. சாலைகள் வாய் திறந்துதான் கிடந்தன, ஆனால் பேசவில்லை.

ஒவ்வொரு கவிழ்ப்புக்குப் பிறகும் அவர் தவறாமல் செய்த வேலை மன்னிப்புக் கேட்பது. விழுந்தவர்களிடம், காப்பாற்றவில்லையே என்று. எழுந்தவர்களிடம், எதிர்த்துப் பேசிவிட்டேனே என்று. அந்தத் தீவு நாட்டுத் தலைநகர் சுவாவில் வெறுங்கையோடு மன்னிப்புக் கேட்க முடியாது. கயிறு கட்டிய திமிங்கலப் பல்லை இரண்டு கைகளிலும் ஏந்தி நீட்ட வேண்டும். தகப்பனார் விட்டுப்போன ஒரு பெட்டி நிறையப் பற்களோடு அரசியலுக்கு வந்தவர் எமோசி. மூன்றாவது கவிழ்ப்போடு பெட்டி காலி.

நாலாவது கவிழ்ப்பு நடந்த அன்றே வானொலியில் சொல்லிவிட்டார்: "துப்பாக்கி வெச்சிருக்கறவன் போடற நாற்காலியில இனிமே உக்கார மாட்டேன்." ஊர் அதை நம்பியது. இதற்கு முன் அவர் சொன்ன எதையும் ஊர் நம்பியதில்லை. ஆகவே இந்த ஒரு வார்த்தையையாவது காப்பாற்ற வேண்டும் என்று கிழவருக்குப் பிடிவாதம் வந்துவிட்டது.

அடுத்த வாரம் ராணுவத்துக் காப்டன் கிதியோனே எமோசியின் வீட்டுக்கு வந்து பாயில் உட்கார்ந்தார். அவருடைய தீவுக்கும் எமோசியின் ஊருக்கும் கேலி உறவு. யாரும் யாரையும் என்ன வேண்டுமானாலும் சொல்லலாம், கோபித்துக்கொள்ளக் கூடாது.

"என்ன ராத்து, மூஞ்சி வாடியிருக்கு? நாலாவது தடவ. இன்னுமா பழகல?"

"உங்க தீவுல எவனுக்கும் மீன் பிடிக்கத் தெரியாது. அதான் ஆட்சியப் பிடிக்கிறீங்க."

"அதனாலதான் மீன்வளத்த உங்ககிட்டயே குடுக்கலாம்னு வந்தேன்." காப்டன் பையிலிருந்து பெரிய பல் ஒன்றை எடுத்து நீட்டினார். அங்கே வேண்டுகோளுக்கும் பல்தான்; வாங்கி வைத்துக்கொண்டால் சம்மதம்.

"வேண்டாம்னா?"

"வேண்டாம்னா, இதோட இன்னொரு பல்லையும் சேத்துத் திருப்பித் தரணும். முறை உங்களுக்குத் தெரியாததா? இருக்கா, ராத்து?"

இல்லை என்று தெரிந்துதான் வந்திருந்தார். புது அரசு முதலில் படியேறியதே காலிப் பெட்டிக்காரர்களின் வீடுகளில்தான்.

எமோசி உள்ளே போனார். மனைவி ஆதி லைசானி சேப்பங்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள்.

"வானொலியில பேசறதுக்கு முன்னாடி பெட்டியத் தொறந்து பாத்திருக்கக் கூடாதா?" என்றாள்.

"அடகுக் கடையில கிடைக்குமே."

"ஆட்சி கவுந்த அன்னிக்கே கடைக்கெல்லாம் பலக அடிச்சிட்டாங்க."

கத்தியை வைத்துவிட்டு எழுந்தாள். தன் சாவுச் சடங்குக்கென்று சேர்த்துவைத்திருந்த பாய்களுக்கு நடுவிலிருந்து ஒரு பல்லை எடுத்தாள். சின்னது, நுனியில் விரிசல்.

"நான் போனதும் எங்க அண்ணன்மாருக்கு நீங்க குடுக்கறதுக்காக வெச்சிருந்தேன். இதும் போயிட்டா அவங்க முன்னாடி வெறுங்கையோட நிப்பீங்க."

"அதுக்குள்ள ஒண்ணு சம்பாதிச்சிட மாட்டேனா?"

"எப்படி? மந்திரியாகியா?"

வாங்கிக்கொண்டு வெளியே வந்தார். இரண்டு பற்களையும் சேர்த்து நீட்டினார். காப்டன் முறைப்படி உள்ளங்கைகளைக் குவித்துத் தட்டி வாங்கிக்கொண்டார். விருந்தாளிக்குக் கரைத்துத் தரும் யங்கோனா வேர்ப் பானத்தைக் குடித்து முடித்து, நேரே எமோசியின் பங்காளி செவனாயா வீட்டுக்குப் போனார். விரிசல் விட்ட பல்லை அங்கே நீட்டினார். பெரியதை எதற்கு வீணாக்குவது? செவனாயாவின் பெட்டியும் காலி. மீன்வளத்துக்கு மந்திரி கிடைத்தார்.

ஊர் எமோசியை மெச்சியது. அவர் இரண்டு வருஷம் யாரிடமும் மன்னிப்புக் கேட்காமல் வாழ்ந்தார்.

பிறகு தேர்தல் அறிவித்தார்கள். செவனாயா தலை குனிந்து வந்தார். "நீ வேண்டாம்னு சொன்ன எடத்துல போய் உக்காந்துட்டேண்ணே," என்று விரிசல் விட்ட அதே பல்லை நீட்டினார். எமோசி அதை வாங்கியதுதான் தெரியும். லைசானி அதைப் பாய்களுக்கு நடுவில் கொண்டுபோய்ச் செருகிவிட்டாள்.

அந்த வாரமே கட்சிக்காரர்கள் ஒரு பல்லோடு வந்தார்கள். ராத்து தேர்தலில் நிற்க வேண்டும். ஜெயித்தால் மீன்வளம்.

எமோசி உள்பக்கம் திரும்பினார். "லைசானி, அந்தப் பல்லு..."

"நான் இன்னும் சாகல," என்று குரல் வந்தது.

வந்தவர்களுக்கு யங்கோனா கரைத்தார்கள். எமோசி இப்போது வேட்பாளர். பெட்டியில் கட்சி கொடுத்த பல் ஒன்று இருக்கிறது. அடுத்த மன்னிப்புக்கு அது போதும்.