அலுமினியத்தில் இல்லாத கோடு

எங்கள் வேலையில் கண்ணுக்குத் தெரியாத அழுக்குத்தான் அழுக்கு. தெரிகிற அழுக்கை யாரும் ஒரு பொருட்டாக நினைப்பதில்லை. இதை எனக்கு முதன்முதலில் சொன்னது கோமதி. மலையாளத்துச் சித்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியின் ஆராய்ச்சிக்கூடத்தில் நான் உதவியாளாகச் சேர்ந்த முதல் வாரம், துடைப்பத்தோடு உள்ளே போகப்போன என்னை வாசலிலேயே மறித்துச் சொன்னாள். அவளும் அப்போதுதான் அங்கே ஆராய்ச்சி மாணவியாகச் சேர்ந்திருந்தாள்.

நான் சூரியநெல்லி தேயிலை எஸ்டேட்டில் பிறந்து அங்கேயே கொழுந்து பறித்தவள். படிப்பு பத்தாம் வகுப்போடு நின்றுபோனது. பிள்ளைகள் இரண்டு பேரும் வளர்ந்து ஆளாகி, மகன் சித்தூரில் ஒர்க்‌ஷாப் வைத்ததும் நாங்களும் எஸ்டேட் கொடுத்த லயத்து வீட்டை விட்டு இறங்கி வந்தோம். மாதாவின் கிருபையில் இந்த வேலை கிடைத்தது. அடுத்தவர்களுடைய பெரிய வேலைக்குப் பக்கத்தில் நின்று சின்ன வேலை பார்க்கிறவர்கள் உங்களில் எத்தனையோ பேர் இருப்பீர்கள். வாசலில் காத்துக் கிடப்பது, "அதத் தொடாதீங்க" என்று கேட்டுக்கொள்வது, உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமலே நல்லபடியாக முடியட்டும் என்று வேண்டிக்கொள்வது எல்லாம் உங்களுக்கும் பழகியிருக்கும். அதனால் உங்களிடம் சொல்லலாம்.

தேங்காய்

அந்த அறையின் நடுவில் பெரிய இரும்புக் குண்டான் மாதிரி ஒன்று இருக்கிறது. அதற்குள் ஒரு சின்ன அலுமினியத் தகட்டை வைத்து மூடி, உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் பம்ப் போட்டு உறிஞ்சி எடுத்துவிடுவார்கள். பிறகு அந்தத் தகட்டில் லேசர் ஒளியை ஒரே ஒரு கணம் பாய்ச்சுவார்கள். இவ்வளவுதான் எனக்குத் தெரிந்தது. இதில் என்ன ஆராய்ச்சி என்று கோமதியிடம் ஒருநாள் தயங்கித் தயங்கிக் கேட்டேன். கொழிஞ்சாம்பாறைப் பக்கம் தென்னந்தோப்பு உள்ள வீட்டுப் பெண் அவள். கோபப்படாமல் உட்கார்ந்து சொன்னாள்.

லேசர் பட்ட இடத்தில் சூடு தாங்காமல் அலுமினிய அணுக்கள் தங்களைச் சுற்றியிருக்கிற எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக இழந்துவிடுமாம். அப்படி இழந்து நிற்கிற அணுவுக்கு அயனி என்று பேர். அயனிகளும் பிரிந்துபோன எலக்ட்ரான்களும் கலந்து கொதிக்கிற புகைக்குப் பிளாஸ்மா என்று பேர். அணைந்துபோவதற்குள் அது எக்ஸ்ரே கதிரை வீசும். அந்தக் கதிரை ஒரு படிகக் கல்லில் பட வைத்தால் தனித்தனிக் கோடுகளாகப் பிரிந்து கேமராவில் விழும். எந்தக் கோடு எங்கே விழுகிறது என்று பார்த்து, எந்த அணு எத்தனை எலக்ட்ரானை இழந்தது, எவ்வளவு சூடு இருந்தது என்று கணக்கிடலாமாம். என் முகத்தைப் பார்த்து அவளுக்கே பாவமாகிவிட்டது போலிருக்கிறது.

"தேங்கா உரிக்கிற மாதிரிதானுங்க்கா. மேல் மட்டை சுளுவா வந்துரும், உள்ள போகப் போகக் கஷ்டம். எவ்வளவு உரிஞ்சுதுன்னு அந்தக் கோடு சொல்லும். என்ன, எங்க தேங்கா கண்ண மூடித் தொறக்கறதுக்குள்ள மறுபடியும் மட்டையப் போத்திக்கும்."

சிவப்பு விளக்கு

லேசர் தயாரானதும் வாசலுக்கு மேலே சிவப்பு விளக்கு எரியும். எரிந்தால் யாரும் உள்ளே போகக்கூடாது. கோமதியே பக்கத்து அறையில் கம்ப்யூட்டர் முன்னால்தான் இருப்பாள். வருகிறவர்களைத் தடுத்து உட்கார வைப்பது என் வேலைகளில் ஒன்று. ஒருநாள் அவளுடைய அப்பா ஒரு சாக்கு நிறைய இளநீரோடு வந்து நின்றார். விளக்கைக் காட்டி, பெஞ்சில் உட்காரச் சொன்னேன். வெயிலில் வந்த மனுஷன், வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு வெகுநேரம் கதவையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"உள்ள என்னங்க நடக்குது?" என்று கேட்டார். காலையிலிருந்து காற்றை வெளியேற்றிக்கொண்டிருக்கிறார்கள், இனிமேல்தான் லேசர் பாய்ச்சுவார்கள், அது ஒரு நொடிகூட இருக்காது என்றேன். அவர் சிரிக்கவில்லை. கோமதி கடைசி மகள், அவள் படிப்புச் செலவுக்காக ஒரு வயலை வேறு குத்தகைக்கு விட்டிருந்தார்.

"ஏனுங்க, ஒரு நொடிகூட இல்லாத சங்கதிக்கா எங்க அம்மிணி இத்தன வருசமா ஊட்டுப் பக்கம் வராம உக்காந்திருக்குது?"

பழம்பொரி

அலுமினியத்தின் கோடுகள் எங்கெங்கே விழும் என்பது இந்தத் துறையில் இருக்கிற எல்லோருக்கும் தெரிந்ததுதான். அதில் புதிதாகச் சொல்ல ஒன்று கிடைக்க வேண்டும். அதற்குத்தான் கோமதி பாடுபட்டாள். மழைக்காலம் முடிந்ததும் அந்த எந்திரத்தை வேறொரு குழுவுக்கு விட்டுக்கொடுத்தாக வேண்டும். அதற்குள் ஒன்றும் சொல்லும்படி அமையாவிட்டால் பட்டம் இல்லை. அடுத்த வருஷமும் படிக்கிறேன் என்றால் அப்பா ஒத்துக்கொள்ள மாட்டார்.

அப்படியிருக்கும்போது, படிகக் கல்லைப் புதுக் கோணத்தில் திருப்பி வைத்த ஒருநாள் கம்ப்யூட்டரில், தெரிந்த கோடுகளுக்கு நடுவே மெல்லிசாக ஒரு கோடு விழுந்தது. அந்த இடத்தில் அலுமினியத்துக்குக் கோடு கிடையாதாம். அதுவரை யாரும் பார்க்காத நிலையில் ஒரு அயனி இருக்கிறது என்று அர்த்தமாகலாம் என்றார் அவளுக்கு வழிகாட்டுகிற சார். ஒற்றப்பாலத்துக்காரர், மலையாளமும் தமிழுமாகப் பேசுவார், அதிகம் சிரிக்க மாட்டார். அன்றைக்குச் சிரித்தார். கேன்டீனிலிருந்து எல்லோருக்கும் வாழைப்பழத்தை மாவில் தோய்த்துப் பொரித்த பழம்பொரி வாங்கி வரச்சொல்லி என்னிடம்தான் சொன்னார். பிறகு வெளியூரில் நடந்த ஒரு கூட்டத்தில் அந்தக் கோட்டைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். கட்டுரையும் எழுதி அனுப்பியாகிவிட்டது.

"கோமதீ, இனி நீ சமாதானமா உறங்கிக்கோ."

சில நாள் இருக்கும், சில நாள் இருக்காது

ஆனால் அவள் உறங்கவில்லை. அந்தக் கோடு சில நாள் விழுந்தது, சில நாள் விழவில்லை. பம்ப்பில் கோளாறு இருக்கும் என்று சார் அதை மாற்றச் சொன்னார். மாற்றிய பிறகும் அப்படியேதான். ஒருநாள் சாயங்காலம் நான் தரை துடைக்கப் போனபோது கோமதி விளக்குப் போடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, கதவச் சாத்திட்டு வாங்க" என்றாள்.

சாத்தினேன்.

"கோடு விழாத நாளையெல்லாம் சேத்துப் பாத்தேனுங்க்கா. மாசா மாசம் நான் வீட்டுக்குத் தூரமா இருக்கற நாளுங்க."

எனக்கு முதலில் விளங்கவில்லை. அவளே சொன்னாள். தகட்டை உள்ளே வைப்பதற்கு முன்னால், கையுறை போட்ட கையால் எடுத்து ஒருமுறை நெற்றியில் ஒற்றிக்கொள்வது அவள் வழக்கம். அவர்கள் வீட்டில் அரிவாளோ புத்தகமோ, எதை எடுத்தாலும் அப்படித்தானாம். நானும் கதவுக் கண்ணாடி வழியாக எத்தனையோ முறை பார்த்து, நல்ல பிள்ளை, கடவுளை மறக்கவில்லை என்று சந்தோஷப்பட்டிருக்கிறேன். அவள் நெற்றியில் தினமும் திருநீறு இருக்கும். அந்த நாட்களில் மட்டும் பூச மாட்டாள், தகட்டையும் ஒற்ற மாட்டாள். ஹாஸ்டலில் இருந்தாலும் அம்மா சொல்லி வளர்த்ததை விடவில்லை. திருநீறு சாணத்தைச் சுட்டெடுத்த சாம்பல்தானே. அதில் சுண்ணாம்புச் சத்து இருக்கிறது. கண்ணுக்குத் தெரியாத அளவு ஒட்டினாலும் லேசர் அதையும் கொதிக்க வைத்துவிடும். அந்தக் கோடு அலுமினியத்துடையது அல்ல, கால்சியத்துடையது.

அவள் அழவில்லை. அழுதிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும். என் மகளும் ஒரு துக்கம் என்றால் இப்படித்தான் கல்லாக உட்காருவாள். பக்கத்தில் போய்த் தலையில் கை வைத்தேன். "என்ன பிள்ள செய்யப்போற?" என்று மட்டும் கேட்டேன்.

"எனக்குத் தெரியும், இப்ப உங்களுக்குத் தெரியும். நான் வாயத் தொறக்காம இருந்தா வேற யாருக்குங்க்கா தெரியப்போகுது?"

சார் அறை

மறுநாள் காலையில் வாசலில் எனக்காக நின்றுகொண்டிருந்தாள். "டீ கொண்டு போறாப்ல நீங்களும் கூட வாங்க்கா" என்றாள். போனேன். மாதவிலக்கு நாட்களைப் பற்றி அவள் வாய் திறக்கவில்லை. ஆண்பிள்ளையிடம், அதுவும் வாத்தியாரிடம் எப்படிச் சொல்வாள்? தகட்டை நெற்றியில் ஒற்றுகிற பழக்கத்தை மட்டும் சொல்லி, தன் நெற்றியைத் தொட்டுக் காட்டினாள். சார் டீயை எடுக்கவே இல்லை. எழுந்து, "வா, பாக்கலாம்" என்றார்.

சுத்தம் செய்த ஒரு தகட்டை வைத்துப் பார்த்தார்கள், கோடு இல்லை. இன்னொரு தகட்டில் வேண்டுமென்றே துளி திருநீறு தொட்டு வைத்தார்கள். அந்தக் கோடு நன்றாகத் தெரியும்படி அதே இடத்தில் வந்து நின்றது. சார் அதையே பார்த்துக்கொண்டு நின்றார். "இத நீ யார்ட்டயாவது சொன்னியா?" என்று கேட்டார். கோமதி என்னைப் பார்த்தாள். மூடி மறைக்கச் சொல்லப்போகிறார், இந்தப் பிள்ளை காலமெல்லாம் அதைச் சுமக்கப்போகிறது என்றுதான் நினைத்தேன். மனதுக்குள் அருள்நிறை மரியே ஜெபம் சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

"நீ யார்ட்டயும் சொல்ல வேண்டா, கோமதீ. கட்டுரைய ஞானே திருப்பி வாங்கறேன். கூட்டத்தில எழுந்து நின்னு பேசியது ஞானல்லே?"

வெறும் நெற்றி

அதற்குப் பிறகு எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டியிருந்தது. வந்தவுடன் வெளிக்குழாயில் சோப்புப் போட்டு முகம் கழுவுவாள். நெற்றியில் பொட்டுகூட இருக்காது. தகட்டை எடுத்தால் நேராகக் குண்டானுக்குள். ஆனால் அந்தக் கை ஒரு கணம் பாதி வழியில் நின்று இறங்குவதை நான் கண்ணாடி வழியாகப் பார்ப்பேன். பழக்கம் விடுமா? ஒருநாள் அவள் அப்பா வந்தவர் அந்த நெற்றியைப் பார்த்துவிட்டுப் பதறிப்போனார். "ஏன் கண்ணு, யாருக்கு என்ன ஆச்சு?" என்றார். அவள் விவரம் சொன்னாள். அவருக்குப் பாதி புரிந்திருக்கும். சாயங்காலம் போகும்போது, மூடியிருந்த கதவைப் பார்த்துத் தானே ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போனார்.

துலாமாத மழை, நம் ஐப்பசி மழைதான், பிடித்துக்கொண்டது. மத்தியானம் ஆனால் இடி, இடித்தால் கரண்ட் போகும், கரண்ட் போனால் பம்ப் நின்று, உறிஞ்சியெடுத்த காற்றெல்லாம் திரும்ப உள்ளே ஏறிவிடும். மறுநாள் காலையில் மறுபடியும் ஆரம்பிப்போம். எந்திரத்தை எடுத்துப்போகிறவர்கள் வந்து அளவெடுத்துவிட்டும் போய்விட்டார்கள். அந்த வாரத்தில்தான் ஒருநாள், உள்ளே போகுமுன் கோமதி என் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, உள்ள போனா நான் இப்ப சாமி பேரக்கூடச் சொல்றதில்லீங்க. கை தானா மேல போயிருமோன்னு பயமா இருக்குது. நீங்க வெளிய நின்னு உங்க ஜெபத்தச் சொல்லுங்க, எனக்கும் சேத்து."

சொன்னேன். சிவப்பு விளக்குக்குக் கீழே நின்று, ஜெபமாலையைப் பையிலேயே வைத்து உருட்டியபடி சொன்னேன். அன்றைக்கு இடி இடிக்கவில்லை. விளக்கு அணைந்ததும் சார் வந்து கம்ப்யூட்டர் முன்னால் குனிந்தார். அலுமினியத்தின் கோடுகள் எல்லாம் இருக்க வேண்டிய இடத்தில் இருந்தன. நடுவில் அந்த இடம் மட்டும் வெறுமையாக இருந்தது. புது அயனியும் இல்லை, ஊர் மெச்சுகிற சேதியும் இல்லை. ஆனால் இருக்கிற கோடுகளை வைத்துச் சூட்டைக் கணக்கிடலாம், அதை நம்பி எழுதலாம், அது ஒரு பட்டத்துக்குப் போதும் என்றார் சார். விரலால் அந்த வெறும் இடத்தைத் தொட்டுக் காட்டினார்.

"பாத்தியா கோமதீ, இவிட ஒண்ணுமில்ல. சுத்தமா ஒண்ணுமில்ல. இத தைரியமா எழுது."

ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லை என்று காட்டுவதற்காக மனுஷர்கள் இத்தனை பாடுபடுவதை நான் வேறெந்த வேலையிலும் கண்டதில்லை. கோமதி எழுதி முடித்துக் கொடுத்துவிட்டாள். வருகிற வியாழக்கிழமை பட்டத்துக்காகப் பரீட்சை வைக்கிறவர்கள் முன்னால் நின்று அவள் பதில் சொல்லப்போகிறாள். அன்று காலையில் ஒரு நிமிஷம் அவள் பேரைச் சொல்லி வேண்டிக்கொள்ளுங்கள், எந்தச் சாமியிடம் என்பது உங்கள் இஷ்டம்.