சீர் வண்டியில் கரும்புகை

2001ஆம் வருடம், தை மாதத்து வெள்ளிக்கிழமை. செட்டிகுளம் பக்கத்தில் இருக்கும் என் தங்கை ஊருக்கு, அவள் மகளின் மஞ்சள் நீராட்டுக்குத் தாய்மாமன் சீர் கொண்டு போனோம். குரும்பலூரிலிருந்து என் பழைய டிராக்டரில் பயணம். பின்னால் டிரெய்லரில் சீர்த் தட்டுகள், ஒரு பீரோ, இருபது சொந்தக்காரர்கள். பத்தரைக்கு ராகு காலம் பிறந்துவிடும். அதற்குள் சீரை இறக்காவிட்டால் தங்கை அவள் மாமியாரிடம் ஆயுசுக்கும் பேச்சு வாங்குவாள்.

நான் எதற்கெடுத்தாலும் பயப்படுகிறவன். வண்டி வழியில் நின்றுவிடுமோ என்று மூன்று நாளாகத் தூக்கமில்லை. ஏழாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் என்றாலும், மெக்கானிக் செய்வதைப் பார்த்துப் பார்த்து ஓரளவு கை பழகியிருந்தது. அந்தத் தைரியத்தில் முதல் நாள் சாயங்காலம் நானே வண்டிக்குச் சர்வீஸ் செய்திருந்தேன்.

சமதரையில் ஒழுங்காக ஓடிய வண்டி, பாதி வழியில் ஒரு மேட்டைக் கண்டதும் முக்க ஆரம்பித்தது. ஆக்ஸிலேட்டரை அழுத்த அழுத்த வேகம் குறைந்தது. கரும்புகைதான் கூடியது. அத்தனையும் பின்னால் பட்டுச்சேலைகள் மேல்.

"ஏன் மாப்ள, சீர் கொண்டு போறமா, கரி மூட்டம் போடப் போறமா?" என்று என் மனைவியின் அண்ணன் இருமிக்கொண்டே கத்தினார்.

வண்டியை ஓரங்கட்டினேன். மணி ஒன்பதரை. எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் தானாகவே நின்றார். லப்பைக்குடிக்காட்டுக்காரர். சவுதியில் பல வருடம் ஜெனரேட்டர் மெக்கானிக்காக இருந்துவிட்டு, இப்போது வெங்காய வியாபாரம். செட்டிகுளத்தில் வேலை முடிந்து, ஜும்மா தொழுகைக்கு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார். சலவை மடிப்புக் கலையாத வெள்ளைச் சட்டை.

"நேத்து இன்னைக்கு இன்ஜின்ல எதையாச்சும் தொட்டீங்களாண்ணே?"

"ஒண்ணும் தொடலீங்க பாய்."

சொந்தக்காரர்கள் அத்தனை பேர் முன்னால் வேறெப்படிச் சொல்வேன்? அவர் நம்பிவிட்டார். பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறதா என்று குனிந்து பார்த்தார். டீசல் வரும் குழாயைக் கழற்றிப் பார்த்தார். கால் மணி நேரம் போய்விட்டது. சட்டைக் கையெல்லாம் கரி.

"டீசல் நல்லா வருதுண்ணே. அது எரியக் காத்து பத்தலைன்னாதான் இப்படிக் கறுப்பாத் தள்ளும். காத்து எங்கயோ அடைக்குது."

அப்போது டிரெய்லரிலிருந்து என் மனைவியின் குரல் வந்தது. "நேத்து ஏதோ கிண்ணத்துல எண்ணெய் ஊத்துனீங்களே, அதைச் சொல்லித் தொலைங்களேன்!"

பாய் என்னைப் பார்த்தார். நான் டயரைப் பார்த்தேன்.

அவர் ஏர் ஃபில்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினார். இன்ஜினுக்குள் போகும் காற்று அதிலுள்ள எண்ணெயில் தூசியை விட்டுவிட்டுப் போகும். எதுவரை எண்ணெய் ஊற்றலாம் என்று கிண்ணத்தில் ஒரு கோடு உண்டு. நானோ தளும்பத் தளும்ப ஊற்றியிருந்தேன். மேலே இருந்த கம்பி வலையெல்லாம் எண்ணெயில் ஊறி, காற்று நுழைய வழியில்லை.

"கோட்டைப் பாக்கலையாண்ணே?"

"பாத்தேன் பாய். ரோட்டுல புழுதி ஜாஸ்தி, கொஞ்சம் கூட இருந்தா நல்லதுதானேன்னு..."

"இது என்ன வடைச் சட்டியா, முங்க முங்க ஊத்த?"

டிரெய்லரே சிரித்தது. எனக்கும் அழுகையும் சிரிப்புமாக வந்தது. கூடுதல் எண்ணெயைக் கொட்டி, வலையைச் சொட்டு நிற்கும்வரை தூக்கிப் பிடித்து, துடைத்து மாட்டினார். வண்டியைக் கிளப்பினேன். நாலு தடவை கறுப்பாக இருமிவிட்டு, புகை தெளிந்தது.

"பொய் சொல்லிட்டேன், மன்னிச்சுக்குங்க பாய்" என்றேன்.

"விடுங்கண்ணே. சவுதியிலயும் இதே கதைதான். தொட்டவன் எவனும் தொட்டேன்னு சொன்னதில்ல. மொதல்ல புள்ளைக்குச் சீரைக் கொண்டுபோய்ச் சேருங்க" என்று சிரித்துக்கொண்டே, கரிச் சட்டையோடு தொழுகைக்குக் கிளம்பிவிட்டார்.

பத்தே கால் தாண்டித்தான் சீரை இறக்கினோம். கரி படிந்த எங்கள் முகங்களைப் பார்த்து மருமகள் அலங்காரம் கலையச் சிரித்தாள். வாசலில் தவித்துக்கொண்டிருந்த தங்கை என் முதுகில் ஒன்று வைத்துவிட்டு, முந்தானையால் என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

பயம் இன்னும் என்னை விடவில்லை. ஆனால் மெக்கானிக்கோ டாக்டரோ, யாரிடம் போனாலும் நான் செய்து வைத்ததை முதலில் சொல்லிவிடுகிறேன். முன்பின் தெரியாத ஒருவர் அன்று சட்டையைக் கரியாக்கிக்கொண்டு தேடியதை, நான் ஒரு வார்த்தையில் சொல்லியிருக்கலாமே என்பது இன்றும் உறுத்துகிறது.