ஆணியில் தொங்கிய ஹெல்மெட்

போன ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி சுகந்தி, பத்து நிமிடம் பாத்ரூம் கதவோடு பேசிக்கொண்டிருந்தாள்.

உள்ளே நான் இருப்பதாக நினைப்பு. கதவு சாத்தியிருக்கிறது, தண்ணீர் விழும் சத்தம் கேட்கிறது... வேறென்ன நினைப்பாள்? கேஸ் தீரப்போகிறது என்றாள். தங்கை மகன் கல்யாணத்துக்கு எந்த ரயிலில் போவது என்று கேட்டாள். நடுவில் என் தம்பியைப் பற்றி நாலு நல்ல வார்த்தை சொன்னாள். எதற்கும் பதில் வரவில்லை. அதில் அவளுக்குச் சந்தேகமும் வரவில்லை – முப்பது வருடமாக நான் பதில் சொல்லும் லட்சணம் அப்படி.

நானோ அப்போது ஆண்டர்சன்பேட்டை கறிக்கடையில் கும்பலோடு கும்பலாக நின்றிருந்தேன்.

ஆள் வீட்டுக்குள்தான் இருக்கிறார் என்று அவள் அவ்வளவு உறுதியாக நம்பியதற்குத் தண்ணீர் சத்தம் மட்டும் காரணமில்லை. வாசல் கதவுக்குப் பக்கத்து ஆணியில் என் ஹெல்மெட் தொங்கிக்கொண்டிருந்தது.

பேப்பரில் வாராவாரம் நான் எழுதும் இந்தப் பத்தியை விடாமல் படிப்பவர்களுக்கு என் ஹெல்மெட் கொள்கை தெரியும். சில மாதங்களுக்கு முன் பஜார் முனையில் ஒரு போலீஸ்காரர் என்னை ஓரங்கட்டி, “ஹெல்மெட் எல்லி சார்?” என்று கன்னடத்தில் கேட்டார். எங்கேயா? ஸ்கூட்டரின் கண்ணாடியில் மாட்டியிருந்தது. கண்ணாடிக்கு அடிபட்டுவிடக் கூடாது பாருங்கள்! அபராதம் கட்டிவிட்டு வந்த சூட்டில், என் தலை என் உரிமை என்று இதே இடத்தில் வெளுத்து வாங்கினேன். ரோட்டை இந்த லட்சணத்தில் போட்டுவிட்டு என் மண்டையைப் பற்றிக் கவலைப்பட நீ யார் என்று அரசாங்கத்தைக் கேட்டேன். ஓசூர் வாசகர் ஒருவர் ‘சபாஷ்’ போட்டிருந்தார். காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன்.

சுகந்தியும் படித்தாள். மறுநாள் காலை சுத்தியல் சத்தம் கேட்டு எழுந்து போய்ப் பார்த்தால், வாசலோரம் ஆணி அடித்துக்கொண்டிருக்கிறாள்.

“இன்னாத்துக்கு இது?”

“ஹெல்மெட்டுக்கு. வெளிய போனா எடுத்துகினு போங்க. வந்தா இதுலயே மாட்டுங்க. வேற இன்னாத்தையும் நான் கேக்கல.”

ஆணி அடிக்கும் விஷயத்தில் அவளோடு சண்டை போடுகிற தைரியம் எனக்கில்லை. சரி என்றேன்.

அவள் அப்பா இங்கே தங்கச் சுரங்கத்தில் வேலை பார்த்தவர். அந்தக் காலத்தில் கீழே இறங்கும் ஒவ்வொருவருக்கும் ஒரு நம்பர் போட்ட பித்தளை டோக்கன். ஷிஃப்டுக்குப் போகும்போது அதை மேலே போர்டில் மாட்டிவிட்டு இறங்க வேண்டும். ஏறி வந்ததும் எடுத்துக்கொள்ள வேண்டும். ஷிஃப்ட் முடிந்தும் போர்டில் ஒரு டோக்கன் தொங்கினால், அந்த ஆள் இன்னும் கீழேயே இருக்கிறார் என்று அர்த்தம்.

சுகந்திக்கு ஏழு வயதிருக்கும்போது ஒரு நாள் கீழே பாறை வெடித்துச் சரிந்தது. வீட்டுப் பாத்திரமெல்லாம் அதிர்ந்தனவாம். அவள் அம்மா கைப்பிள்ளையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, இவள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஆட்களை இறக்கும் ஷாஃப்டுக்கு ஓடினாள். அங்கே யாரையும் எதுவும் கேட்கவில்லை. எல்லாப் பெண்களும் அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஒவ்வொரு டோக்கனாகக் குறைந்து, கடைசியில் நாலு மிஞ்சியது. அதில் ஒன்று இவள் அப்பாவுடையது. சாயங்காலம்தான் அவர் ஏறி வந்தார், முழங்கையில் சிராய்ப்போடு.

இந்தக் கதையை எனக்கு அவள் கல்யாணமான புதிதிலேயே சொல்லியிருக்கிறாள். ஆணியைப் பார்த்தபோது எனக்கு அது ஞாபகம் வரவில்லை. வந்திருக்க வேண்டும்.

சரி, ஞாயிற்றுக்கிழமைக்கு வருவோம். ஹெல்மெட் இல்லாமல் ஏன் போனேன்?

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். தலைக்கு டை அடித்திருந்தேன். அரை மணி நேரம் ஊற வேண்டும். அந்த அரை மணியை வீணாக்குவானேன், கறி வாங்கி வந்துவிடலாம் என்று ஒரு கணக்கு. ஈர டையோடு ஹெல்மெட் போட்டால் டை ஹெல்மெட்டுக்குத்தானே ஏறும்? ஞாயிற்றுக்கிழமை காலையில் போலீஸ் ஏது? பக்கெட் நிறையட்டும் என்று பாத்ரூம் குழாயைக் கொஞ்சமாகத் திறந்துவிட்டு, நாய் நுழையாமல் கதவைச் சாத்திவிட்டு, ஸ்கூட்டரைக் கிளப்பினேன். சார்ஜில் இருந்த போனைக்கூட எடுக்கவில்லை. ஊரிகத்திலிருந்து ஆண்டர்சன்பேட்டை என்ன அமெரிக்காவா?

கறி வாங்கித் திரும்பும்போது வளைவில் கும்பல். ஒரு ஸ்கூட்டர் மல்லாந்து கிடந்தது. வெள்ளி நிறம், என் வண்டி மாதிரியே. ஓட்டியவரை அப்போதுதான் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு போயிருந்தார்கள். தலையில் அடி என்றார்கள். தார் ரோட்டில் ஒற்றைச் செருப்பு.

நான் என்ன செய்தேன் தெரியுமா? வண்டியை நிறுத்தி, கும்பலுக்குள் தலையை நீட்டி, “ஹெல்மெட் போட்டிருந்தா ஒண்ணும் ஆயிருக்காது” என்று கருத்துச் சொன்னேன். என் வாயால்! பக்கத்தில் நின்றவர் மெதுவாகத் திரும்பி என் தலையைப் பார்த்தார். காதோரம் டை ஒழுகிக்கொண்டிருந்தது. அப்புறம் அங்கே எனக்கு வேலையில்லை.

அதே நேரம் வீட்டில் பக்கெட் நிரம்பி, தண்ணீர் கதவுக்கு அடியில் வந்துவிட்டது. “இன்னாங்க, தண்ணிய நிறுத்துங்க!” என்று சுகந்தி கதவைத் தள்ளியிருக்கிறாள். உள்ளே யாருமில்லை. ஓடி வந்து ஆணியைப் பார்க்கிறாள். ஹெல்மெட் இருக்கிறது. வாசலைப் பார்க்கிறாள். ஸ்கூட்டர் இல்லை.

எனக்குப் போன் போட்டாள். டிவி மேலிருந்து மணியடித்தது.

இவள் கையிலிருந்த போனில் அந்தச் சமயத்தில்தான் தெரு வாட்ஸப் குரூப்பில் ஒரு படம் வந்து விழுந்தது. வெள்ளி நிற ஸ்கூட்டர். ஒற்றைச் செருப்பு. கீழே யாரோ எழுதியிருந்தார்கள்: ‘ஆண்டர்சன்பேட்டை ரோட்டு வளைவுல. ஹெல்மெட் இல்ல. தலைல அடி. யாருன்னு தெரியல.’

நான் பாதி வழி வந்தபோது எதிரே நைட்டியில், தோளில் ஒரு துண்டோடு, செருப்பில்லாமல் ஒரு பெண் ஓடி வருவதைப் பார்த்தேன். யாரோ என்னவோ, பாவம் என்று நினைத்தேன். இரண்டு நொடி கழித்துத்தான் அது என் மனைவி என்று புரிந்தது.

வண்டியை நிறுத்தினேன். அவள் கிட்டே வந்தாள். திட்டவில்லை, அழவில்லை. இரண்டு கையாலும் என் தலையைப் பிடித்து, முன்னே, பின்னே, காதுக்குப் பின்னே என்று அழுத்தித் தடவிப் பார்த்தாள். பிறகு கையை விரித்துப் பார்த்தாள். ஒரே கறுப்பு. அதை என் வெள்ளைச் சட்டையில் அழுந்தத் துடைத்தாள்.

“இன்னா ஆச்சு சுகந்தி, நான் சும்மா கறிக்கட வரைக்கும்...”

“உள்ள கீறீங்கன்னு பேசிகினு இருந்தேன்...” நடுரோட்டில் தேம்பித் தேம்பி அழுதாள். என் மனைவி தெருவில் அழுது நான் பார்த்ததில்லை. என் மாமனார் சாவில்கூட அவள் வீட்டுக்குள் போய்த்தான் அழுதாள்.

அப்போதாவது வாயை மூடிக்கொண்டிருக்கலாம் அல்லவா? எழுதிப் பழகிய வாய். “எனக்குத்தான் ஒண்ணும் ஆகலியே. என் தலைய நான் பாத்துக்க மாட்டனா?” என்றேன்.

அவள் துண்டால் முகத்தைத் துடைத்தாள்.

“தல உங்களுதுதான், நான் இல்லன்னு சொல்லலியே. ஆணி என்னுது. அதுல பொய் மாட்டிட்டுப் போவாதீங்க.”

பின்னால் ஏறிக்கொள் என்றேன். ஏறவில்லை. “ரெண்டு தலைக்கும் ஹெல்மெட் இல்ல” என்றாள். நான் வண்டியைத் தள்ளிக்கொண்டே நடந்தேன். அவள் கறிப்பையைத் தூக்கிக்கொண்டு பக்கத்தில் வந்தாள். ஊரிகம் மொத்தமும் என் தலையையும் சட்டையையும் வேடிக்கை பார்த்தது.

வளைவில் விழுந்தவர் பிழைத்துக்கொண்டார் என்று சாயங்காலம் தகவல் வந்தது. தையல் போட்டிருக்கிறார்களாம். அவர் வீட்டில் யார் ஓடினார்களோ?

அரசாங்கத்தைப் பற்றி நான் முன்பு எழுதியதில் ஒரு வரியைக்கூட வாபஸ் வாங்க மாட்டேன். ரோடு அப்படியேதான் இருக்கிறது. ஆனால் உரிமை, உரிமை என்று கத்தினேனே, அன்று காலை என் தலையைச் சுமந்தது நானில்லை. நான் ஜாலியாக எலும்பு சேர்த்து வெட்டச் சொல்லிக்கொண்டிருந்தேன். சுமந்துகொண்டு ஓடியவள் அவள். அன்று அவள் அம்மா ஓடிய அதே ஓட்டம். இதை என் உரிமைக் கணக்கில் எங்கே சேர்ப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

திங்கட்கிழமை இன்னொரு ஹெல்மெட் வாங்கினேன். இரண்டாவது ஆணியை நானே அடித்தேன். கொஞ்சம் கோணல்தான்.

நேற்று இருவரும் ஹெல்மெட்டோடு பஜார் முனையைக் கடந்தோம். அதே போலீஸ்காரர். அடையாளம் தெரிந்துகொண்டு கை காட்டி நிறுத்தினார். “ஏனு சார், பேப்பர்ல அவ்ளோ பெருசா எழுதினீங்க. கடைசியில சட்டத்துக்கு பயந்துட்டீங்களா?” என்று சிரித்தார்.

“சட்டத்துக்கு இல்ல சார்,” என்றேன். “ஆணிக்கு.”