மார்லிஸ் ஹாகனின் மூன்றாவது தொகுப்பு

டலூத் நகரில் பனி அள்ளும் வண்டிகள் நிற்கும் பணிமனைக்கு மார்லிஸ் ஹாகன்தான் பொறுப்பு. காலையில் எந்த வண்டி எந்தச் சாலைக்குப் போகும் என்பதை அவள் சொல்வாள். டிரைவர்கள் அவளிடம் வாதாடுவதில்லை. வாதாடியவர்களுக்கு ஹீட்டர் வேலை செய்யாத வண்டி கிடைக்கும்.

இளவயதில் ராணுவத்தில் இருந்தாள். ஜெர்மனியில், நின்றுபோன டாங்கிகளை இழுத்து வரும் மீட்பு வண்டியில் வேலை. சண்டை எதையும் பார்த்ததில்லை, பயிற்சிகள் மட்டும்தான். மாலையானதும் அதிகாரிகள் வரைபடத்தை மடித்துக்கொண்டு கிளம்பிவிடுவார்கள். சேற்றில் புதைந்ததையும் சங்கிலி அறுந்ததையும் இவர்கள் இழுத்துக்கொண்டிருப்பார்கள். மறுநாள் எத்தனை டாங்கி கிடைக்கும் என்பது மட்டும்தான் அதிகாரிகளின் கேள்வி. சார்ஜென்ட் ஆகி வெளியே வந்தாள்.

எனக்கு அவளைத் தெரிந்தது 'எல்லை 85' வழியாக. கோர்டி பெல்கோனென் தன் கராஜுக்கு மேலே இருக்கும் அறையில் தயாரித்து விற்கும் கணினி விளையாட்டு அது. நடக்காத ஒரு போர். ரஷ்யர்கள் 1985இல் மேற்கு ஜெர்மனிக்குள் வருகிறார்கள். திரை முழுக்க அறுகோணக் கட்டங்கள், அவற்றில் சின்னச் சின்ன டாங்கிகள், காலாட்படை. ஒருவர் நகர்த்திச் சுட்டு முடித்ததும் அடுத்தவர் முறை. கடைசிச் சுற்று முடியும்போது கொடி நட்ட கட்டம் யாரிடம் இருக்கிறதோ அவருக்கு வெற்றி. சில வருடங்களுக்கு ஒருமுறை கோர்டி ஒரு கூடுதல் தொகுப்பு போடுவான். புதிய நிலம், புதிய படைகள், புதிய சண்டைகள். நிலத்தை வரைவது என் வேலை. வாங்குபவர்கள் எங்களைப் போன்றவர்கள்தான். தலை நரைத்தவர்கள். ஒரு டாங்கியின் முன்தகடு எவ்வளவு கனம் என்று மாதக்கணக்கில் சண்டை போடுவார்கள்.

இரண்டாவது தொகுப்பில் பனிக்கால விதிகளை மார்லிஸ் எழுதினாள். குளிரில் எஞ்சின் கிளம்பாது. வாங்கியவர்கள் திட்டினார்கள், பிறகு இன்னும் வேண்டும் என்று கேட்டார்கள். அதனால் மூன்றாவது தொகுப்பை முழுக்க அவளிடமே கோர்டி விட்டான். நார்வேயின் வடக்கில் ஆறு சண்டைகள், ஒன்றன்பின் ஒன்றாக. அதில் அவள் ஒரே ஒரு புதிய விதி வைத்தாள். ஒரு சண்டையில் செத்த படை அடுத்த சண்டைக்கு வராது.

கேட்பதற்குச் சாதாரணமாக இருக்கிறது. எங்களுக்கு அது சாதாரணமில்லை. அதுவரை ஒவ்வொரு சண்டையும் முழுப் படையோடு தொடங்கும். ஆகவே கடைசிச் சுற்றில் எல்லோரும் ஒன்றையே செய்வோம். இருப்பதையெல்லாம் கொடியை நோக்கி விரட்டுவோம். பாதி எரிந்தால் என்ன, இனி சுற்று இல்லை. இதற்குப் 'பாய்ச்சல்' என்று பெயர் வைத்திருந்தோம். பாயாதவனை ஆட்டம் தெரியாதவன் என்போம்.

ஏழு பேருக்குச் சோதனைப் பிரதி போயிற்று. நான் கோர்டியின் அறையில் இருந்தபோதுதான் அவன் மார்லிஸுக்குப் போன் செய்தான். ஸ்பீக்கரில் போட்டிருந்தான்.

"மார்லிஸ், அஞ்சு பேர் பிழைன்னு சொல்லியிருக்காங்க."

"என்ன பிழை?"

"ரெண்டாவது சண்டையில படை காணாமப் போவுதாம்."

"காணாமப் போகல. செத்துப்போச்சு."

"எனக்குத் தெரியும். வாங்குறவனுக்கு? இதப் பாரு, ஒரு சுவிட்ச் வெச்சிடுவோம். பிடிக்காதவன் உன் விதியை அணைச்சுக்கட்டும்."

"எல்லாரும் அணைச்சிடுவாங்க."

"அப்ப யாருக்கும் வேண்டாம்னு அர்த்தம்."

"சுவிட்ச் வெச்சா என் ஆறு சண்டையையும் எடுத்துடு."

"அதை எடுத்தா தொகுப்புல என்ன இருக்கு? மரம்தான் இருக்கு. இவன் வரைஞ்ச மரம்." கோர்டி என் பக்கம் கையைக் காட்டினான்.

"நல்லாத்தான் வரைஞ்சிருக்கான்," என்றாள் மார்லிஸ்.

இலையுதிர் காலத்துக்குள் தொகுப்பு வெளிவர வேண்டும். கோர்டி நெற்றியைத் தேய்த்தான். கடைசியில் ஒரு வழி சொன்னான். வசந்தத்தில் நாங்கள் எல்லோரும் கூடுவோம் அல்லவா, அங்கே அவளும் லைல் பிரெக்கியும் முதல் மூன்று சண்டைகளை ஆடட்டும். லைல் சரி என்றால் சுவிட்ச் இல்லை. இல்லையென்றால் உண்டு.

லைல் வடக்கு டகோட்டாவில் தானியக் கிடங்கு ஒன்றில் எடை போடுபவன். ராணுவத்தின் வாசலைக்கூடப் பார்த்ததில்லை. எங்கள் பட்டியலில் பல வருடங்களாக அவன்தான் முதலிடம். பாய்ச்சலில் அவனை மிஞ்ச ஆளில்லை. விதியைப் பிழை என்று சொன்ன ஐந்து பேரில் அவனும் ஒருவன்.

"லைல் கூடவா?" என்றாள் மார்லிஸ். "சரி. அவனே வரட்டும்."

நாங்கள் கூடும் இடம் லூத்தரன் சர்ச்சின் கீழ்த்தளம். சனிக்கிழமை காலை லைல் உள்ளே வரும்போதே குரல் கேட்டது.

"என்ன சார்ஜென்ட், என் டாங்கியெல்லாம் தின்னுடுறியாமே?"

"நீ கொல்றதை எண்ணி வெக்கிறேன். தின்னல."

"எண்ணு, எண்ணு. நீ எண்ணி முடிக்கிறதுக்குள்ள நான் கொடியைப் புடிச்சிருப்பேன்."

ஒரே கணினிதான். ஒருவர் நகர்த்தும்போது மற்றவர் நாற்காலியைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ள வேண்டும். ஞாயிறு வகுப்புப் பிள்ளைகள் வரைந்து ஒட்டிய நோவாவின் பேழையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். யாரும் ஏமாற்ற மாட்டார்கள். ஆடியதை அழித்து மறுபடி ஆடுவதும் எங்களிடம் கிடையாது.

லைலுக்கு ரஷ்யப் படை. கடலோரச் சாலை வழியே வந்து பாலத்தைப் பிடிக்க வேண்டும். அவன் நகர்த்தி முடித்ததும் மார்லிஸ் திரும்பினாள். சாலையில் எல்லாவற்றுக்கும் முன்னால் ஒரே ஒரு வண்டி வந்துகொண்டிருந்தது.

"லைல், அது மீட்பு வண்டி."

"தெரியும். அதுகிட்ட பீரங்கியா இருக்கு? பின்னாடி நின்னு என்ன பண்ணப் போவுது? உன் ஏவுகணை எங்க ஒளிஞ்சிருக்குன்னு பாத்துச் சொல்லட்டும்."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். நானும்தான். ஆயுதமில்லாத வண்டியை முன்னால் அனுப்பி எதிரியைச் சுட வைப்பது எங்களுக்குப் பழகிப்போனது. சரக்கு லாரி, ஆம்புலன்ஸ், எதையும் விட்டதில்லை.

"அதுல மூணு பேர் இருக்காங்க," என்றாள் மார்லிஸ்.

"புள்ளிங்க, சார்ஜென்ட். வெறும் புள்ளிங்க."

அவள் தன் ஏவுகணையால் சுட்டாள். வண்டி எரிந்தது. அவளுடைய ஏவுகணை எங்கே இருக்கிறது என்று லைலுக்குத் தெரிந்துவிட்டது.

கடைசிச் சுற்றில் லைல் பாய்ந்தான். அத்தனை டாங்கிகளையும் பாலத்தின் மேல் ஏற்றினான். முக்கால்வாசி எரிந்தன, சில புகைந்தபடி நின்றன. கொடி அவனுக்கு வந்தது. மார்லிஸ் தன் படையில் பெரும்பகுதியை இரண்டு சுற்றுக்கு முன்பே பின்னால் இழுத்திருந்தாள். கை தட்டல். லைல் எழுந்து நின்று தலை குனிந்து வணங்கினான். சர்ச் அடுப்பில் சுட்ட ஹாட்டிஷ், இறைச்சியும் உருளைக்கிழங்கும் கலந்தது, சாப்பிடப் போனோம்.

மதியம் இரண்டாவது சண்டை திறந்தது. லைல் திரையை இந்த ஓரத்துக்கும் அந்த ஓரத்துக்கும் இழுத்துப் பார்த்தான்.

"கோர்டி, இங்க வா. இது உடைஞ்சிருக்கு. என் டாங்கிங்களைக் காணோம்."

"பாலத்துல இருக்கு," என்றாள் மார்லிஸ்.

"எந்தப் பாலம்?"

"காலையில கை தட்டுனாங்களே, அந்தப் பாலம்."

"அது போன சண்டைம்மா!"

"ஆமா. போன சண்டையிலதான் செத்தாங்க."

விதி அவனுக்குத் தெரியாததல்ல. படித்திருந்தான், பிழை என்றும் சொல்லியிருந்தான். ஆனாலும் காலையில் கை தன் பழக்கப்படியே போய்விட்டது.

"சரி, புகைஞ்சுக்கிட்டு நின்னதே நாலஞ்சு? அது எரியலையே. அதெல்லாம் ராத்திரிக்குள்ள இழுத்துட்டு வந்து சரி பண்ணிடுவாங்கல்ல?"

"பண்ணுவாங்க. மீட்பு வண்டி இருந்தா."

பின்னால் நின்ற எங்கள் கூட்டத்து மெல்வின் அடக்க முடியாமல் சிரித்துவிட்டான்.

"வாயை மூடுடா," என்றான் லைல்.

அந்தச் சண்டையை அவன் தோற்றான். முடிந்ததும் யாரையும் பார்க்காமல் வெளியே போய்விட்டான். கோர்டி மார்லிஸைச் சமையலறைக்குக் கூப்பிட்டான். நான் அங்கே தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"பாத்தல்ல? லைலுக்கே இப்படின்னா, காசு குடுத்து வாங்குறவன் என்ன பண்ணுவான்?"

"இன்னும் ஒரு சண்டை இருக்கு."

"அவன் ஊருக்குப் போயிடுவான்."

"போகமாட்டான். வண்டிச் சாவி மேஜை மேல கெடக்கு."

கோர்டி குரலைத் தணித்தான். "நடுவுல ஒரு எடத்துல நிப்போம் மார்லிஸ். செத்ததுல பாதியைத் திருப்பிக் குடுத்துடு. சுவிட்ச் வேண்டாம். உனக்கும் பாதி, அவங்களுக்கும் பாதி."

"என் வண்டி ஒண்ணு பள்ளத்துல விழுந்தா மறுநாள் பாதி வண்டியை நான் ரோட்டுக்கு அனுப்புறதில்ல."

"இது விளையாட்டு!"

"அதான் சொல்றேன். விளையாட்டுலகூட நாளைக்குன்னு ஒண்ணு இல்லாம ஆடுறோம். நீ பாதி குடுத்தா பாதிப் பேரைத் தைரியமாக் கொல்லுவான். எடுத்துடு கோர்டி, என் சண்டையெல்லாம் எடுத்துடு. நான் வருத்தப்பட மாட்டேன்."

வருத்தப்படுவாள். இரண்டு குளிர்காலம் அதில் போயிருந்தது. குரலில் மட்டும் எதுவும் தெரியவில்லை.

ஞாயிறு காலை லைல் வந்தான். சவரம் செய்யவில்லை.

"முதல்லேருந்து ஆடுவோம், சார்ஜென்ட்."

"மாட்டேன்."

"எனக்கு இப்ப விதி புரிஞ்சிருச்சு. இந்தத் தடவை ஒழுங்கா ஆடுறேன்."

"மறுபடி ஆடுறது நம்மகிட்ட கிடையாது லைல். நீ போட்ட சட்டம்தான். மூணாவதைத் திற. இருக்கிறதை வெச்சு ஆடு."

"இருக்கிறதே ஆறு டாங்கி!"

"ஆறு இருக்குல்ல?"

மேலே ஆராதனை தொடங்கியிருந்தது. கிசுகிசுப்பாகத்தான் பேச முடிந்தது. லைல் ஆடிய விதம் எங்களுக்குப் புதிதாக இருந்தது. சாலையில் வண்டி விடவில்லை. காலாட்படையை இறக்கி மரங்களுக்குள் நடத்தினான். ஒரு கட்டம் நகர்த்துவதற்குள் காபி ஆறிப்போனது. ஒரு டாங்கி போனதும் கெட்ட வார்த்தை ஒன்று சொன்னான். இரண்டாவது போனதும் மிச்சத்தை எண்ணினான். மார்லிஸ் இரக்கம் காட்டவில்லை. கிடைத்த இடத்திலெல்லாம் அடித்தாள்.

கடைசிச் சுற்று வந்தபோது கொடி, மலைச்சரிவில் இருந்த ரேடார் நிலையத்தில் நின்றது. லைலின் நான்கு டாங்கிகளும் இரண்டு கட்டம் தள்ளி, காட்டின் விளிம்பில். பாய்ந்தால் கொடி கிடைத்துவிடும். மூன்றில் இரண்டு சண்டை அவனுக்கு ஆகும். எங்கள் கூட்டத்தில் யாராக இருந்தாலும் பாய்ந்திருப்போம். மெல்வின் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான். மார்லிஸ் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள்.

"சார்ஜென்ட்," என்றான் லைல் மெதுவாக. "நாலாவதுக்குப் புதுசா எத்தனை வரும்?"

"ஒண்ணும் வராது லைல்."

மேலே பாட்டு ஆரம்பித்தது. லைல் கொடியைப் பார்த்தான். டாங்கிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு, எதில் எத்தனை குண்டு மிச்சம் என்று பார்த்தான். பிறகு நான்கையும் ஒரு கட்டம் பின்னுக்கு, மரங்களுக்குள் நகர்த்தினான். சுற்றை முடித்தான்.

"திரும்பு. நீதான் ஜெயிச்ச."

மார்லிஸ் திரும்பித் திரையைப் பார்த்தாள். நான்கு டாங்கிகளையும் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

கோர்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். "சொல்லு லைல். பிடிச்சிருக்கா?"

"பிடிக்கல."

கோர்டி மார்லிஸின் பக்கம் கையை விரித்தான்.

"சுத்தமாப் பிடிக்கல," என்றான் லைல். "ராத்திரி தூங்கல நான். ஒரு பாழாப்போன மீட்பு வண்டிக்காக."

"அப்ப சுவிட்ச் வெச்சிடலாம்."

"சுவிட்ச் இருந்திருந்தா நேத்து மத்தியானமே அணைச்சிருப்பேன். இந்த நாலு டாங்கி இருந்திருக்காது." மூக்கைத் துடைத்துக்கொண்டான். "வெக்காத. வெச்சீன்னா நான்தான் முதல்ல அணைப்பேன். எனக்கு என்னைத் தெரியும்."

கோர்டி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். விற்காவிட்டால் நான் பனி அள்ள வருகிறேன், ஹீட்டர் உள்ள வண்டியாகக் கொடு என்றான். மார்லிஸ் தலையை மட்டும் ஆட்டினாள்.

தொகுப்பு செப்டம்பரில் சுவிட்ச் இல்லாமலே வந்தது. முதல் வாரமே படை காணவில்லை என்று புகார்கள் வந்தன. எல்லாவற்றுக்கும் மார்லிஸே பதில் எழுதினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அதெல்லாம் யாருக்கும் தெரியாது. மேலே ஆராதனை முடிந்து காலடிச் சத்தம் கேட்டது. நாங்கள் நாற்காலிகளை மடிக்க ஆரம்பித்தோம். லைல் எழுந்திருக்கவில்லை.

"ஊருக்குப் போகலையா?" என்றாள் மார்லிஸ்.

"நாலாவதைத் திற சார்ஜென்ட். என் பசங்க மரத்துக்குள்ள குளிர்ல நிக்கிறாங்க."