நாற்பதாவது படம்

எக்ஸ்ரே அறைக் கணினி முன் உட்காரும் அக்காவுக்குக் கோபம் வந்தால் குரல் உயராது, தாழும். படங்களை உறையில் போட்டு ஒட்டும் என் மேசை பக்கத்தில்தான். அதனால் எனக்குத் தெரியும்.

புது மென்பொருள் வந்ததிலிருந்து நாற்பது படத்தை நெருங்கினாலே திரை உறைந்துவிடும். அக்கா ஒரு வழி கண்டுபிடித்தாள். முப்பத்தைந்து ஆனதும் எல்லாவற்றையும் மூடி மறுபடி திறப்பாள். நான்கு நிமிடம் ஆகும். மேலாளர் பார்த்துவிட்டார்.

"டீ குடிக்க இது ஒரு சாக்காம்மா? இனிமே மூடக் கூடாது."

மூடவில்லை. மறுநாளே, இடுப்பு முறிந்த பெரியவர் எக்ஸ்ரே மேசையில் படுத்திருக்கையில் திரை நின்றது. எடுத்த படம் போன இடம் தெரியவில்லை. அவரை மறுபடி புரட்டிப் படுக்க வைத்தோம். அவர் அலறியது இன்னும் என் காதில் இருக்கிறது. சாயங்காலமே அக்காவுக்கு மெமோ: கவனக்குறைவு, இன்னொரு முறை நடந்தால் வேலை கிடையாது.

மென்பொருள் எழுதியவர் மேலாளரோடு வந்தார்.

"எதையாவது தப்பா அமுக்கியிருப்பீங்க மேடம். நான் பத்து தடவை திறந்து மூடிப் பார்த்தேன். வெண்ணெய் மாதிரி ஓடுது."

"வெண்ணெய் உருகுற வரைக்கும் யாரு உட்கார்ந்து பார்த்தா, நீங்களா?" என்றாள் அக்கா, எனக்கே சரியாகக் கேட்காத குரலில்.

கணினிக்குள் என்னென்ன ஓடுகிறது என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். திரையில் ஒரு படத்தின் ஜன்னலைத் திறந்தாள். பட்டியலில் நினைவகத்துக்கு நேரே இருந்த எண் ஏறியது. மூடினாள், இறங்கவில்லை. திறந்தாள், மூடினாள், திறந்தாள், மூடினாள். ஏறிக்கொண்டே போனது.

மென்பொருள்காரர் முகம் மாறியது. "ஜன்னல் மூடுது. பின்னாடி படத்தைத் தயார் பண்ற வேலை மட்டும் நிக்கல. படத்தையும் விடாம பிடிச்சுக்கிட்டே இருக்கு."

"குளிச்சவன் போயாச்சு, குழாய மூடல. அதானே?"

"ஆமா. எங்க தப்புதான்."

"சரி, சரி பண்ணிடுங்க," என்று மேலாளர் கிளம்பினார்.

"சார், மெமோ?"

"அதான் தெரிஞ்சு போச்சேம்மா."

"எனக்குத் தெரியும். அந்தக் காகிதத்துக்குத் தெரியாதே."

வராந்தாவில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். அக்கா அடுத்தவரைக் கூப்பிடவில்லை. மெமோவை விரித்து, பேனாவை அதன்மேல் வைத்து, கையைக் கட்டிக்கொண்டாள். தப்பு மென்பொருளில்தான் என்று மென்பொருள்காரர் அதிலேயே எழுதிக் கையெழுத்துப் போட்டார். மேலாளர் என்னைப் பார்த்தார். நானும் ஒட்டுவதை நிறுத்தி, பசை டப்பாவை மூடினேன். அதன்பிறகுதான் அவர் பேனாவை எடுத்து, மெமோ ரத்து என்று எழுதினார்.

அதை எக்ஸ்ரே உறையில் போட்டு நானே ஒட்டினேன். அக்கா வாசலைப் பார்த்து, "அடுத்து யாரு?" என்றாள், வழக்கமான குரலில்.